பத்தாவது ரீல் ஓடாத ஊரின் விருதுப் பட்டியல்

சினிமா பி.ஆர்.ஓ. தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்த்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். “சார், ஒரு படத்தை நாமினேஷன் லிஸ்டில் எப்படிக் கொண்டுவருவது?” ஓய்வு பெற்று, வீட்டில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் கேட்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதனால் சொல்கிறேன். நான் கொண்டுவந்த கதையை அல்ல, கொண்டுவருகிறேன் பேர்வழி என்று ஒரு நல்ல நடிகையைக் கிட்டத்தட்டக் கவிழ்த்த கதையை.

முதலில் ஒரு விஷயம். விருது வேறு, பட்டியல் வேறு. விருதுக்கு ஒரு நாள்தான் ஆயுள். மாலை, பொன்னாடை, மறுநாள் பேப்பரில் ஒரு படம், முடிந்தது. பட்டியல் அப்படி இல்லை. வருடத்தின் முதல் பட்டியலில் ஐந்து பேர் வந்தால், இரண்டாவது பட்டியலில் அதே ஐவரில் நாலு பேர் இருப்பார்கள். மூன்றாவதில் அந்த நாலு பேர் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். நடுவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. அவர்களும் மனிதர்கள். வருடத்தில் வந்த அத்தனை படத்தையும் யார் பார்க்க முடியும்? ஏற்கெனவே ஒருவர் பார்த்து எழுதிய பட்டியல் மேஜையில் கிடந்தால், கண் அங்கேதான் போகும். அதனால் பந்தயம் எப்போதும் முதல் பட்டியலிலேயே பாதி முடிந்துவிடும்.

1991இல் எங்களுக்கு அந்த முதல் பட்டியல் எங்கிருந்து வந்தது தெரியுமா? கோடம்பாக்கத்திலிருந்து அல்ல. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் இருந்த ஒரு தொழிற்சாலையிலிருந்து.

சிரிக்காதீர்கள். அதே வருடம் மே மாதத்துக்குப் பிறகு அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே எல்லோருக்கும் வேறு நினைவுதான் வரும். நான் சொல்வது அதற்கு முந்தைய தை மாதம். இன்று அந்தச் சாலையில் வரிசையாக நிற்கிற கார் கம்பெனிகள் எதுவும் அப்போது கிடையாது. வேர்க்கடலைக் கொல்லைக்கு நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கம்பெனி இருக்கும். அதில் ஒன்று, தண்ணீர் பம்புக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனி. அங்கே தொழிலாளர்கள் நடத்திய மனமகிழ் மன்றம் வருடா வருடம் சினிமா விருது கொடுத்தது. பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, கேட் பக்கத்துக் கரும்பலகையில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஐந்து பெயர் எழுதுவார்கள். ஒரு சினிமா வார இதழின் நிருபர் பூந்தமல்லியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து அதைக் குறித்துக்கொண்டு போவார். அடுத்த இதழில் அது வந்துவிடும். சென்னையில் விருது கொடுக்கிற சபாக்களும் சங்கங்களும் மாசி மாதம்தான் கூடவே ஆரம்பிக்கும். ஆக, முதல் பட்டியல் இவர்களுடையது.

அந்தப் பட்டியலுக்கு மதிப்பு வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதில் எந்த பி.ஆர்.ஓ.வாலும் கை வைக்க முடியவில்லை. மன்றத்தில் சினிமாப் பிரிவுக்குச் செயலாளர் எஸ்தர். அதே கம்பெனியில் தர ஆய்வாளர். முப்பது வயது இருக்கும், எனக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். கையில் எப்போதும் ஒரு அளவுகோல், சட்டைப் பைக்குள் மூன்று நிறத்தில் சீட்டு. சரியான பாகத்துக்குப் பச்சை, சந்தேகமானதுக்கு மஞ்சள், கழித்துக்கட்ட வேண்டியதுக்குச் சிவப்பு. சினிமா ஓட்டையும் அவர் அதே கண்ணோடுதான் பார்த்தார்.

ஓட்டுச் சீட்டில் இரண்டு கட்டம் இருக்கும். ஒன்றில் நடிகர் பெயர். இன்னொன்றில் ‘பார்த்த இடம்’. அதாவது, எந்த இடத்தில் அவர் நன்றாக நடித்தார் என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஓட்டு செல்லாது. தொழிற்சாலையில் பாகத்தை அளக்காமல் கையெழுத்துப் போட்டால் வேலை போகும். அதே வழக்கத்தை இங்கும் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த ஒரு வரிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘ரீடிங்’.

ஒருமுறை என் கண் முன்னாலேயே ஒரு பெரிய நடிகரின் ரசிகர் ஒருவர் சீட்டைக் கொடுத்தார். ‘பார்த்த இடம்’ என்ற கட்டத்தில் ‘எல்லா இடமும்’ என்று எழுதியிருந்தார்.

“இன்னாப்பா இது? பாகத்தோட அளவு கேட்டா ‘நல்லா கீது’ன்னு எழுதிக் குடுப்பியா நீ?” என்றார் எஸ்தர். சீட்டில் சிவப்பு ஏறிவிட்டது. அந்த நடிகரின் பி.ஆர்.ஓ. மார்கழியிலேயே கம்பெனி முழுக்கக் காலண்டர் விநியோகித்திருந்தார். காலண்டரை எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள், மாட்டிக்கொண்டார்கள். ஓட்டு மட்டும் போடவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அந்த வருடம் என் கையில் ஒரு சின்னப் படம். பெரிய நடிகர் யாரும் இல்லை. தாயாக ரஞ்சிதம்மாள் நடித்திருந்தார். முப்பது வருடம் நாடகக் கம்பெனியில் இருந்தவர், வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சினிமாவில் அதுவரை கூட்டத்தில் நிற்கிற வேடம், கதவைத் திறக்கிற வேடம், அவ்வளவுதான். இந்தப் படத்தில்தான் முதல் முறையாக ஒரு முழு ஆளாக நடித்தார். அடுத்து ஒரு இயக்குநர், படம் முழுக்க வருகிற ஒரு வேடத்துக்கு அவரையே வேண்டும் என்றார். தயாரிப்பாளர் சம்மதிக்கவில்லை.

“இந்தம்மா யாருன்னே யாருக்கும் தெரியாதே சார். அந்தக் கம்பெனி லிஸ்டுலயாவது பேர் வரட்டும், வேஷத்தைக் குடுக்கறேன். இல்லன்னா லிஸ்டு வந்த திங்கட்கிழமையே வேற அம்மாவுக்கு அட்வான்ஸ்” என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

ரஞ்சிதம்மாளிடம் இதைச் சொன்னேன். “தம்பி, இது கிடைக்கலேன்னா நான் சேலத்துக்கு மக வீட்டுக்குப் போயிடறேன். இனிமே கதவு திறக்கிற வேஷத்துக்கு வர எனக்குக் கால் வராது” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது. சாதாரணமாகச் சொன்னார்.

நான் என்ன செய்தேன்? சும்மா இருந்தேனா? சும்மா இருப்பவனுக்கு யார் பி.ஆர்.ஓ. என்று பெயர் வைப்பார்கள்! படம் ஸ்ரீபெரும்புதூர்த் தியேட்டரில் ஐந்து நாள் மதியக் காட்சியாக ஓடியது. சாயங்காலமும் ராத்திரியும் அங்கே பெரிய நடிகர் படம். காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு விட்டதும் ஆட்கள் நேராகத் தியேட்டருக்குப் போய் எங்கள் படத்தைப் பார்த்தார்கள். நான் ஒரு துண்டுத்தாள் அச்சடித்து, கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் அடுக்கி வைத்தேன். தலைப்பு: ‘ரஞ்சிதம்மாள் நடிப்பில் மறக்க முடியாத மூன்று இடங்கள்’. முதலாவதாக, ஆஸ்பத்திரி வாசலில் மகனைப் பிடித்துக்கொண்டு அவர் கதறும் காட்சியை நாலு வரியில் உருகி உருகி எழுதியிருந்தேன். ‘பார்த்த இடம்’ கட்டத்தில் என்ன எழுதுவது என்று திணறுகிறவர்களுக்கு ஓர் உதவி, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்படி நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்ளும்போது கொஞ்சம் நின்று யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை, நல்ல செய்தி எதிர்பார்த்து, தலையைப் படிய வாரிக்கொண்டு எஸ்தரைப் பார்க்கப் போனேன். மன்றத்து அறையில் மேஜை மேல் ஒரு கட்டு ஓட்டுச் சீட்டு. கம்பியால் கட்டி, மேலே சிவப்புச் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

“அறுபத்து நாலு ஓட்டு சார். எல்லாம் உங்க அம்மாவுக்கு” என்றார் எஸ்தர்.

“ரொம்ப சந்தோஷம் மேடம். ஆனா சிவப்பு எதுக்கு?”

“எல்லாத்துலயும் ஒரே ரீடிங். ஆஸ்பத்திரி வாசல்ல அழுவுற இடம்.”

“நல்ல காட்சி மேடம் அது.”

“நான் பாக்கலியே சார். ரெண்டு தடவ போய்ப் படம் பாத்தேன். ஆஸ்பத்திரியே வரலியே?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எஸ்தருக்கு முதலிலேயே புரிந்துவிட்டது. அவர் ஏற்கெனவே தியேட்டருக்குப் போய், படம் ஓட்டுகிற முனுசாமியைக் கேட்டுவிட்டு வந்திருந்தார். என்னையும் கையோடு அங்கே கூட்டிக்கொண்டு போனார்.

முனுசாமி மறைக்கவே இல்லை. பெருமையாகக்கூடச் சொன்னார். “அஞ்சு மணிக்கு வல்லக்கோட்டை பஸ் கீது சார். அத வுட்டா ஏழரைக்குத்தான். படம் முழுசா ஓட்டுனா முடியவே அஞ்சு ஆவும். ஜனம் பாதியிலயே எழுந்து ஓடும். அதான் மதியக் காட்சியில மட்டும் ஒரு ரீல நான் ஓட்றதில்ல. இந்தப் படத்துல பத்தாவது ரீலு. சும்மா அழுதுகினே கீறாங்க, அது இல்லன்னா கதைக்கு ஒண்ணும் ஆவல சார்.”

எங்கள் படம் அந்த ஊரில் மதியக் காட்சி மட்டும்தான் ஓடியது. ஆஸ்பத்திரி இருந்தது பத்தாவது ரீலில். ஆக, அந்த ஊரில் ஒருவர்கூடப் பார்க்காத ஒரு காட்சியை அறுபத்து நாலு பேர் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்து முனுசாமிக்கு இரக்கம் வந்துவிட்டது. எஸ்தர் வெளியே போனதும் என் காதில் சொன்னார். “எல்லாரையும் பூந்தமல்லில பாத்தோம்னு சொல்லிட சொல்லு சார். அங்க முழுசா ஓடிச்சு. யாரு போய்க் கேக்கப் போறா?”

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். வாசலுக்கு நடந்த அந்த இருபது அடியும் நான் அதைத்தான் யோசித்தேன். நல்ல யோசனைதான். நடந்தும் இருக்கும். சனிக்கிழமை பெயர் வந்துவிடும், திங்கட்கிழமை வேஷம் கிடைத்துவிடும், ரஞ்சிதம்மாள் சேலம் போக வேண்டாம். அந்த அம்மாளுக்காகத்தானே, எனக்காகவா என்று ஒரு நியாயம்கூடத் தயாராக வந்து நின்றது.

வெளியே எஸ்தர் அந்தக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “சார், நீங்க அந்த சீன பாத்தீங்களா?” என்று கேட்டார்.

“பார்த்தேன் மேடம். சென்னையில, பிரிவ்யூ காட்சியில.”

“அப்ப இது உங்க ரீடிங். நீங்க ஒருத்தர் அளந்ததுக்கு அறுபத்து நாலு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. எங்க கம்பெனியில இதவிடப் பெரிய தப்பு கெடையாது சார். பாகத்த ஒடச்சவன்கூடப் பொழச்சுக்குவான், பக்கத்தாள் ரீடிங்க காப்பி அடிச்சவன் பொழைக்க மாட்டான்.”

அவர் கத்தவில்லை. எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. நான் சொன்னேன், “காப்பி அடிக்கச் சொன்னவன் நான்தான் மேடம். டீக்கடையில தாள் வெச்சதும் நான்தான்.”

“அது தெரியும். அந்தத் தாள்ல மை இன்னும் காயல, கையெல்லாம் ஒட்டுது” என்றார். பிறகு, சிரிக்காமல் ஒரு வழியும் சொன்னார். கழித்த சரக்கை ஒரே ஒரு முறை மறு ஆய்வுக்கு வைக்கலாம் என்று கம்பெனியில் விதி உண்டாம். ஆனால் மொத்தமாக ஒரு கையெழுத்தில் அல்ல, பிரித்துப் போட்டு ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். “அறுபத்து நாலு பேரும் படத்த முழுசா, பத்தாவது ரீலோட பாக்கணும். புதுசா எழுதணும். சனிக்கிழம லிஸ்டு போடறதுக்குள்ள. நீங்க உள்ள வரக் கூடாது.”

படப்பெட்டி அப்போது வாலாஜாபாத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமையோடு அங்கே ஓட்டம் முடிகிறது. ஸ்ரீபெரும்புதூரில் சனிக்கிழமை மதியக் காட்சிக்கு வேறொரு படம் போட்டிருந்தார்கள். அதற்குக் கூட்டமே இல்லாததால் தியேட்டர்காரர் உடனே ஒப்புக்கொண்டார். முனுசாமி, “வெட்டுனவன் நானு, நானே ஓட்றேன்” என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

அந்த அறுபத்து நாலு பேரிடம் யார் சொல்வது? எஸ்தர் சொல்லியிருப்பார். ஆனால் அது என் வேலை என்று எனக்கே தெரிந்தது. வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குக் காலை ஷிப்ட் வெளியே வரும்போது கேட் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றேன். நான் எழுதிக் கொடுத்ததை எழுதினீர்கள், நான் எழுதிய காட்சி உங்கள் ஊரில் ஓடவே இல்லை, தப்பு என்னுடையது, நாளை முழுப் படமும் ஓடும், பார்த்துவிட்டு உங்களுக்குப் பிடித்தவருக்கு எழுதுங்கள் என்றேன். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல்:

“சார், அது ஓடவே இல்லியா? நான் அழுதேனே சார்!”

கம்பெனி கேட்டே சிரிப்பில் குலுங்கிப்போனது. வாட்ச்மேன் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். என்னை அடிக்க வருவார்கள் என்று நினைத்துக்கொண்டு ஏறிய கல்லிலிருந்து, நானும் சிரித்துக்கொண்டே இறங்கினேன். தப்பை ஒப்புக்கொள்ளும்போது வலிக்கும் என்று பயந்து தள்ளிப் போடுகிறோம். பெரும்பாலும் சிரிப்புதான் கிடைக்கிறது, அதற்குத்தான் நாம் பயப்படுகிறோம் போல.

சனிக்கிழமை வாலாஜாபாத்திலிருந்து பெட்டியைப் பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு நானே வந்தேன். வந்து சேர்ந்தபோது மணி இரண்டே முக்கால். நாற்பத்தேழு பேர் வந்திருந்தார்கள். மற்றவர்களுக்கு வீட்டு வேலை, கல்யாணம், ஓவர்டைம். நாற்பத்தேழு பேர் வந்ததே பெரிது. எஸ்தர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவரையும் உள்ளே அனுப்பிவிட்டு, என்னைப் பார்த்துக் கையால் தடுத்தார். நான் தியேட்டருக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மணி நாலே முக்கால் ஆனபோதுதான் எனக்குக் கணக்கு உதைத்தது. பெட்டி கால் மணி தாமதமாக வந்தது. பத்தாவது ரீலும் ஓடுகிறது. படம் ஐந்தேகாலுக்குத்தான் முடியும். கம்பெனி வழியாகப் போகிற வல்லக்கோட்டைப் பஸ்ஸோ ஐந்து மணிக்கு. பஸ் சத்தம் கேட்டால் உள்ளே இருப்பவர்கள் எழுந்து ஓடுவார்கள். பாதிப் படம் பார்த்தவரின் ஓட்டு எஸ்தர் கையில் செல்லாது. முனுசாமியிடம் போய், இன்னொரு ரீலை விட்டுவிடு என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் எதற்காக இவ்வளவு பாடு?

பஸ் வந்தது. நான் நடு ரோட்டில் போய்க் கை காட்டி நின்றேன். டிரைவர் பிரேக் போட்டுவிட்டு என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. நான் ஓடிப் போய் ஜன்னல் ஓரம் நின்று, தியேட்டருக்குள் நாற்பத்தேழு டிக்கெட் இருக்கிறது, கால் மணி நேரம் நின்றால் எல்லோரும் ஏறுவார்கள், போனால் பாதி காலி வண்டியோடு போக வேண்டும் என்றேன்.

“இன்னா படம்?” என்றார் டிரைவர்.

சொன்னேன்.

“யாரு ஹீரோ?”

“ஹீரோவே கிடையாதுங்க. ஒரு அம்மா.”

அவர் கொஞ்சம் யோசித்தார். என்ஜினை அணைத்துவிட்டு, “நா போய்க் கடைசி ரீலு பாத்துட்டு வர்றேன். பயணிங்களுக்கு நீ டீ வாங்கிக் குடு” என்று இறங்கினார். கண்டக்டரும் அவர் பின்னால் போய்விட்டார். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு நான் டீயைக் காட்டிச் சமாளித்தேன். வல்லக்கோட்டை முருகனுக்குப் பால்குடம் எடுக்கப் போகிற ஒரு பெரியம்மா மட்டும், “சாமிக்கு லேட்டாவுது, உனக்கு சினிமாவா?” என்று கேட்டுவிட்டு இரண்டு டீ குடித்தார்.

ஐந்தேகாலுக்குக் கூட்டம் வெளியே வந்தது. எழுத நேரமில்லை. எல்லோரும் பஸ்ஸில் ஏறினார்கள், எஸ்தரும் ஏறினார். ஓடுகிற பஸ்ஸில், முழங்காலில் வைத்து, ஆடி ஆடி எழுதினார்கள். நான் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தேன். எந்தச் சீட்டையும் பார்க்கக் கூடாது என்பதால், வழி நெடுக வேர்க்கடலைக் கொல்லையை மட்டுமே பார்த்தேன். வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் பயிர் பச்சையைப் பார்த்ததே இல்லை.

கம்பெனி கேட்டில் நிருபர் ஸ்கூட்டர் மேல் சாய்ந்துகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்தர் கரும்பலகைக்குக் கீழே உட்கார்ந்து சீட்டுகளைப் பிரித்தார். குணச்சித்திர நடிகை பிரிவில் ஐந்தாவது இடத்தில் அதுவரை இருந்த நடிகைக்கு முப்பத்தைந்து ஓட்டு. துண்டுத்தாளைப் பார்க்காமல் ரஞ்சிதம்மாளுக்குச் சொந்தமாக எழுதியவர்கள் முன்பே ஒன்பது பேர். இப்போது வந்த நாற்பத்தேழில் அவருக்கு எத்தனை?

எல்லாம் அவருக்கு வரவில்லை. படத்தை முழுசாகப் பார்த்ததில் சிலருக்கு மருமகளாக வந்த பெண்ணைப் பிடித்துப்போய், பெயரை மாற்றி எழுதிவிட்டார்கள். எஸ்தர் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனார். இருபத்தொன்பது.

ஒன்பதும் இருபத்தொன்பதும் முப்பத்தெட்டு. ஐந்தாவது பெயராக ரஞ்சிதம்மாள் என்று எஸ்தர் சாக்கட்டியால் எழுதினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கப்படவில்லை.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அது அல்ல. நிருபர் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அந்த இருபத்தொன்பதில் ஆஸ்பத்திரி காட்சியை எழுதியிருந்தவர்கள் இரண்டே பேர். பதினோரு பேர் ஒரே இடத்தை எழுதியிருந்தார்கள், ஆளுக்கொரு மாதிரி. வேலைக்குப் போகிற மகனுக்குச் சாப்பாட்டுத் தூக்கைத் துண்டில் கட்டுகிறார். முடிச்சுப் போட்டு ஒரு தடவை தூக்கிப் பார்க்கிறார். திருப்தி இல்லை. அவிழ்த்து மறுபடி கட்டுகிறார். மொத்தம் சில விநாடிதான். ‘பஸ்ஸில் சாம்பார் கொட்டினவங்க வீட்டு அம்மா இப்பிடித்தான் கட்டுவாங்க’ என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அது மூன்றாவது ரீல். முதலிலிருந்தே எல்லாக் காட்சியிலும் ஓடிய ரீல். அவர்கள் முதல் தடவையே அதைப் பார்த்திருந்தார்கள். என் தாள்தான் அதை எழுத விடாமல் ஆஸ்பத்திரிக்குத் திருப்பிவிட்டது. நானோ படத்தை நாலு தடவை பார்த்தவன். அந்த முடிச்சைக் கவனிக்கவே இல்லை.

“நீங்க எந்த இடத்துக்கு ஓட்டுப் போட்டீங்க மேடம்?” என்று எஸ்தரைக் கேட்டேன்.

“நான் உங்க அம்மாவுக்குப் போடல சார்” என்றார், கையிலிருந்த சாக்கட்டித் தூளைத் தட்டிக்கொண்டே. “அஞ்சாவது பேரு தப்பாப் போயிடக் கூடாதுன்னுதான் இவ்ளோ நேரம் ஒக்காந்தேன்.”

அடுத்த இதழில் ஐந்து பெயரோடு அந்த சாம்பார் வரியும் அச்சாகிவிட்டது. திங்கட்கிழமை தயாரிப்பாளர் வாக்கைக் காப்பாற்றினார். மாசி மாதம் சென்னையில் நடுவர்கள் கூடியபோது, “அந்த முடிச்சு அம்மா நடித்த படம் எது? ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்” என்று அவர்களாகவே கேட்டார்கள். பார்த்தார்கள். அடுத்த இரண்டு பட்டியலிலும் ரஞ்சிதம்மாள் பெயர் வந்தது. கம்பெனி விருது அவருக்குக் கிடைக்கவில்லை. அது பெரிய நடிகரின் தாயாக நடித்தவருக்குப் போனது. ஆனால் கடைசியில் ஒரு சபா ரஞ்சிதம்மாளுக்கே விருது கொடுத்தது. முதல் பட்டியலில் ஒரு பெயர் உண்மையாக இருந்தால் அது எவ்வளவு தூரம் தானாக நடந்து போகும் என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். பொய்யான பெயரும் அதே தூரம் நடக்கும் என்பதுதான் பயமான விஷயம்.

புதுப் படத்தின் முதல் நாள் படப்பிடிப்புக்குப் போனேன். ரஞ்சிதம்மாள் என்னை மரத்தடியில் உட்கார வைத்தார். என்னுடைய துண்டுத்தாள் ஒன்று எப்படியோ அவர் கைக்கு வந்திருந்தது. அதை எடுத்து விரித்தார்.

“இதுல முதல்ல எழுதியிருக்கியே தம்பி, ஆஸ்பத்திரி வாசல்ல கதறுறது. நல்லாத்தான் எழுதியிருக்கே.”

“நன்றிம்மா.”

“அது நான் இல்லப்பா. டப்பிங் அன்னிக்கு எனக்குத் தொண்டை கட்டிப் போச்சு. வேற ஒரு அம்மா வந்து அழுதுட்டுப் போனாங்க. என் முகத்தை வேற காமிரா காட்டல, முதுகைத்தான் காட்டுச்சு. அறுபத்து நாலு பேரும் அதுக்காக ஓட்டுப் போட்டு எனக்குப் பேர் வந்திருந்தா, நான் அந்த அம்மா முகத்துல எப்படி முழிப்பேன்?”

அவர் தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். பிறகு பக்கத்திலிருந்த தூக்கை என் பக்கம் தள்ளினார்.

“முடிச்சு மட்டும் என்னுதுதான். யாரும் சொல்லிக் குடுக்கல. சாப்பிடு.”

பசி எனக்கு. ஆனால் அந்த முடிச்சை அவிழ்க்கவே எனக்கு ஐந்து நிமிஷம் ஆனது. அவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருந்தார்.